டைல்ஸை உடைப்பதற்கு முன்: கன்சீல்டு டேங்க் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஏற்காட்டில் எங்கள் காட்டேஜில் ஆறு அறை. ஆறிலும் சுவரில் தொங்கும் வால் மவுன்ட் டாய்லெட், டேங்க் சுவருக்குள். கீழே சேலத்தில் அஸ்தம்பட்டி வீட்டில் இன்னும் இரண்டு. முதல் பழுது வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டேங்க் உள்ளே இருக்குதுங்க அக்கா, உடைச்சாத்தான் ஆகும்" என்று நாலு டைல்ஸைப் பெயர்த்துவிட்டார். பழுது என்னவென்றால் ஒரு ரப்பர் வாஷரில் படிந்த உப்பு. அந்த நிற டைல்ஸ் அப்புறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இன்றும் அந்தச் சுவரில் நாலு டைல்ஸ் தனியாகத் தெரிகிறது.

அதனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் அழுத்துகிற பட்டன் இருக்கும் பிளேட்தான் டேங்குக்குக் கதவு. தேய்கிற, அடைக்கிற, உடைகிற சாமான் எல்லாமே அந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். வராதவை மூன்றுதான்: டேங்கின் உடம்பு, சுவருக்குள் போகும் குழாய், கோப்பையைத் தாங்கும் இரும்பு ஃபிரேம். பழுது இந்த மூன்றில் ஒன்றுதான் என்று சோதித்து உறுதியாகும்வரை யாரையும் சுவரில் உளி வைக்க விடாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீர். சேலத்தில் மேட்டூர் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் டேங்க் ரொம்ப நாள் தொந்தரவு தராது. போர் தண்ணீர் ஓடும் வீட்டில், வெள்ளைக்கல் தோண்டும் கருப்பூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம், வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து வாஷரையும் வால்வையும் கெடுத்துவிடும். ஏற்காட்டில் உப்புத் தொல்லை எனக்குக் குறைவு. அங்கே வருவது செம்மண் கலங்கலும் இலைத்தூளும், அதுவும் ஐப்பசி மழைக்குப் பிறகு. பழுது மேலே ஏற்காட்டிலா கீழே சேலத்திலா என்று தெரிந்தாலே எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

## எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் பிளேட்டைத் திறங்கள்

சில பிளேட்டை மேல்நோக்கித் தள்ளிக் கீழ் விளிம்பை இழுத்தால் வந்துவிடும், சிலவற்றில் அடியிலோ பக்கத்திலோ சின்ன ஸ்க்ரூ இருக்கும். வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், ஸ்க்ரூ எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி, பட்டனிலிருந்து வால்வை அழுத்தும் இரண்டு குச்சி, அதற்குப் பின்னால் டேங்க். எதையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். குச்சிகள் எவ்வளவு நீளம் வெளியே நிற்கின்றன என்பதை மறந்துவிட்டால் திரும்ப மாட்டும்போது அரை நாள் போகும்.

டேங்குக்குள் மேல் மூலையில் ஒரு குட்டி வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பிறகு ஃபிளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். இவ்வளவும் கையால் செய்யலாம், பத்து நிமிஷ வேலை. அந்தக் குட்டி வால்வு உப்பு பிடித்து இறுகியிருந்தால் ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம், பிளாஸ்டிக் கழுத்து உடைந்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

## கோப்பைக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான். பகலில் தெரியாது. ராத்திரி யாரும் பாத்ரூம் போகாமலே டேங்க் திடீரென்று இரண்டு நிமிஷம் நிரம்பும் சத்தம் கேட்டால், அதுவும் இதே பழுதுதான். கோப்பையின் உள் பின்சுவரைத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒட்டிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் மேலிருந்து கோடு கோடாக நனைந்தால் கசிவு உறுதி.

காரணம் இரண்டில் ஒன்று. அடி வாஷர் சரியாக மூடவில்லை, அல்லது நிரப்பும் வால்வு நிற்காமல் ஓடி, மிஞ்சிய தண்ணீர் வழிவுக்குழாய் வழியாகக் கோப்பைக்குள் இறங்குகிறது. இந்த டேங்கில் வழிகிற தண்ணீர் வெளியே தரையில் கொட்டாது, கோப்பைக்குள்தான் போகும். அதனால் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிரித்துச் சொல்ல: டேங்க் நிரம்பியதும் குட்டி வால்வை மூடிவிட்டு நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் கழித்து மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் வாஷர். கோட்டிலேயே நின்று கோப்பைக் கசிவும் நின்றிருந்தால் நிரப்பும் வால்வு. சந்தேகம் தீரவில்லை என்றால், மட்டம் வழிவுக்குழாயின் வாய்க்குக் கீழே இருக்கும்போது டேங்கில் சொட்டு நீலம் நாலு துளி விடுங்கள். கோப்பையில் நீலம் வந்தால் வாஷரேதான்.

வாஷர் என்றால். முதலில் பார்க்க வேண்டியது குச்சி. பிளேட்டைக் கழற்றி வைத்தபோது கசிவு நின்றுவிட்டதா? அப்படியானால் குச்சி நீளமாக இருந்து வால்வை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது. திருகி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையுங்கள், முடிந்தது. காசே ஆகாது.

அது இல்லை என்றால் ஃபிளஷ் வால்வை வெளியே எடுக்க வேண்டும். முன்னால் இருக்கும் தாங்கியைக் கழற்றி, வால்வைக் கிளிப்பை அழுத்தியோ கால் சுற்று திருப்பியோ மேலே தூக்குங்கள். ஓட்டை சின்னது என்பதால் சில மாடலில் இரண்டு துண்டாகப் பிரித்துத்தான் வெளியே வரும். அடியில் தட்டையான ரப்பர் வளையம் இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், போர் தண்ணீர் வீடு என்றால் சொரசொரவென்று உப்பு தட்டும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டு வாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். டேங்கில் வாஷர் உட்காரும் வட்டத்தையும் அதே தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பலரும் இதை விட்டுவிட்டு, புது வாஷர் போட்டும் ஒழுகுகிறதே என்று வருத்தப்படுகிறார்கள்.

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். ரப்பரைத் தின்னும், உள்ளே இருக்கும் இரும்பையும் தின்னும். டேங்குக்குள் போடும் நீல மாத்திரை, பிளீச்சிங் மாத்திரை எதையும் போடாதீர்கள், அதிலிருந்து வரும் ரசாயனம் நாள் முழுக்க வாஷரை ஊறவைத்து விறைக்கச் செய்துவிடும். வாஷருக்கு வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவும் பழக்கமும் வேண்டாம், ரப்பர் உப்பிப்போகும். வளையம் விறைத்தோ ஓரம் அலை அலையாகவோ ஆகியிருந்தால் புதிதாக மாற்றுங்கள். டேங்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கண்ணளவுக்கு ஒன்றாகத் தெரியும் வாஷர் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மறுபடி ஒழுகும்.

புது வாஷர் போட்டு, வட்டத்தையும் சுத்தம் செய்து, இன்னும் ஒழுகினால் ஃபிளஷ் வால்வு முழுசையும் மாற்ற வேண்டும். அப்போதும் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், டேங்கின் அடி வட்டத்தில் விரிசல் இருக்கலாம்.

நிரப்பும் வால்வு என்றால். மிதவை சுவரிலோ குழாயிலோ உரசி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் தண்ணீர் நிற்கிறது என்றால் மிதவையின் உயரத்தைக் குறைத்தால் போதும். தூக்கியும் நிற்கவில்லை என்றால் தலையில் இருக்கும் மூடியைத் திருகி உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வைக் கழுவுங்கள். அதில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும், ஒரே ஒரு மணல் துணுக்கு போதும் அதைக் கெடுக்க. கழுவியும் கேட்கவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள். டேங்குக்குள்ளேயே ஒரு நட்டுதான், கை போகிற இடம்.

## டேங்க் நிரம்பவில்லை, அல்லது நிரம்ப யுகமாகிறது

மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பாத்ரூம் கேட் வால்வு திறந்திருக்கிறதா, பக்கத்து வாஷ்பேசினில் நல்ல வேகம் வருகிறதா என்று பாருங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம், தொட்டி அடிவரை காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் ஏர் லாக் ஆகிவிடும். டேங்குக்குள் நிரப்பும் வால்வுக்குப் போகும் குட்டி ஹோஸைக் கழற்றி, டேங்குக்குள்ளேயே தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் காற்றும் போகும், சேறும் போகும்.

ஹோஸிலேயே தண்ணீர் நூலாக வந்தால் குழாயில் அடைப்பு, அல்லது அந்தக் குட்டி வால்வு பாதி மூடியிருக்கிறது. ஹோஸில் நன்றாக வந்து டேங்க் நிரம்பவில்லை என்றால் வால்வின் வாயில் இருக்கும் வலை ஃபில்டர். ஏற்காட்டில் எனக்கு அநேகமாக இதுதான். மழைக்குப் பிறகு ஆறு அறையிலும் வரிசையாக வலையைக் கழற்றினால் செம்மண் பசை போல அப்பியிருக்கும். கழுவி மாட்டினால் இரண்டு மூன்று நிமிஷத்தில் டேங்க் நிரம்புகிறது. சிலர் வலையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், தண்ணீர் வேகமாக வரும், ஒரே மாதத்தில் சவ்வு போய்விடும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் மெதுவாகவே நிரம்பினால் அழுத்தம் போதவில்லை. தொட்டியின் நீர்மட்டம் டேங்கைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.1 பார்தான், பத்து மீட்டருக்கு ஒரு பார். மேல்மாடி பாத்ரூமுக்கு நேர் மேலே மொட்டைமாடியில் தொட்டியை வைத்தால் அழுத்தம் எங்கிருந்து வரும்? குறைந்த அழுத்தத்துக்கான வால்வு கேட்டு வாங்கிப் போடுங்கள். அதற்கும் மேல் தொட்டியை உயர்த்துவதா, பம்ப் வைப்பதா என்பது பிளம்பரோடு உட்கார்ந்து பேச வேண்டிய செலவு.

## பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது

பிளேட்டை யாராவது துடைக்கக் கழற்றி மாற்றி மாட்டியிருப்பார்கள், இதைத்தான் முதலில் கேளுங்கள். குச்சி இடம் மாறியிருக்கும், அல்லது சின்னதும் பெரியதும் இடம் மாறியிருக்கும். பிளேட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் நெம்புகோலை விரலால் அழுத்துங்கள். தண்ணீர் பாய்ந்தால் டேங்கில் குறை இல்லை, குச்சியின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். டைல்ஸுக்கு மேல் இன்னொரு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் குச்சி எட்டாமல் போகும், நீளமான குச்சி தனியாகக் கிடைக்கும்.

குச்சிக்குப் பதில் இரண்டு மெல்லிய ரப்பர் டியூப் இருந்தால் அது காற்றழுத்தத்தில் வேலை செய்யும் வகை. டியூப் கழன்றிருக்கும், மடங்கியிருக்கும், அல்லது ஓட்டையாகியிருக்கும். ஒரு முனையை வாயில் வைத்து ஊதினால் எது என்று உடனே தெரியும்.

## ஃபிளஷ் ஆகிறது, ஆனால் கழிவு போகவில்லை

பெரிய பட்டனைத்தான் அழுத்துகிறார்களா? விருந்தாளிகளுக்கு இது தெரிவதில்லை. சின்னது 3 லிட்டர், பெரியது 6 லிட்டர் என்பதுதான் பரவலான கணக்கு.

அப்புறம் ஒரு வாளியில் ஆறேழு லிட்டர் தண்ணீர் எடுத்து ஒரே மூச்சாகக் கோப்பையில் ஊற்றுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

வாளித் தண்ணீர் சர்ரென்று போனால் கழிவுக்குழாய் நன்றாக இருக்கிறது, குறை டேங்க் பக்கம். நீர்மட்டம் அடையாளக் கோடுவரை வருகிறதா என்று பாருங்கள். ஃபிளஷ் வால்வில் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருக்கும், 6 லிட்டர் கேட்கும் கோப்பைக்கு 4.5 லிட்டர் வைத்திருந்தால் மிச்சம் தங்கத்தான் செய்யும். கோப்பையின் விளிம்புக்கு அடியில் தண்ணீர் வரும் வழிகளைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், உப்பு அடைத்திருந்தால் லெமன் சால்ட் கரைசலில் நனைத்த டிஷ்யூவை ராத்திரி முழுக்க அங்கே திணித்து வைத்துக் காலையில் தேயுங்கள். புது வீட்டில் முதல் நாளிலிருந்தே வேகம் இல்லை என்றால் டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் சிமென்ட் கட்டியோ தெர்மாகோலோ சிக்கியிருக்கும். கோப்பையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும், பிளம்பர் வேலை.

தண்ணீர் மேலே ஏறி மெதுவாக இறங்கினால் அடைப்பு. அந்த ஒரு பாத்ரூமில் மட்டும் என்றால் கோப்பையின் வளைவில் டயப்பரோ நாப்கினோ ஈரத் துணித்தாளோ இருக்கும். ரப்பர் பம்ப் போட்டு இழுத்துப் பாருங்கள், நாலைந்து தடவைக்கு மேல் வேண்டாம். கம்பியை விட்டுக் குத்தினால் பீங்கான் கீறும், அடைப்பும் உள்ளே போய்விடும். எல்லா பாத்ரூமும் மெதுவாக இருந்தால் வெளியே சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிரம்பி நின்றால் செப்டிக் டேங்க் பக்கம்தான் பிரச்சினை, உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்கும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். உள்ளே நிற்கும் வாயு ஒரு நிமிஷத்தில் ஆளைக் கொன்றுவிடும், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. மலையில் லாரி வர நாளாகும் என்று அவசரப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் அறையைப் பூட்டி வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

## சுவரோ தரையோ ஈரமாகிறது

பயப்பட வேண்டிய அறிகுறி இது. அதனாலேயே அவசரப்பட்டு உடைப்பதும் இதில்தான்.

ஹெல்த் ஃபாசெட்டை மூடி ஒரு நாள் விடுங்கள். அதன் ஹோஸும் ஆங்கிள் வால்வும் சொட்டி, தண்ணீர் டைல்ஸ் வழியாக இறங்கிக் கோப்பைக்கு அடியில் தேங்கும். கோப்பை ஒழுகுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஏற்காட்டில் மூடுபனி நாட்களில் குளிர்ந்த கோப்பையின் வெளிப்பக்கம் வியர்த்துச் சொட்டுவதும் உண்டு. துடைத்துவிட்டு, வெயில் வந்த பிறகு பாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால் கோப்பைக்கு அடியில் தரையில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, பாத்ரூமை இரண்டு மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள்.

தாள் காய்ந்தே இருந்து, ஃபிளஷ் செய்ததும் நனைந்தால் சுவருக்கும் கோப்பைக்கும் நடுவில் இருக்கும் இரண்டு இணைப்பில் ஒன்று. மேலே தண்ணீர் வரும் குழாயின் ரப்பர், கீழே கழிவு போகும் குழாயின் ரப்பர். குழாயைச் சாய்வாக வெட்டியிருந்தாலோ, குட்டையாக வெட்டியிருந்தாலோ, மாட்டும்போது ரப்பர் மடிந்திருந்தாலோ இப்படி ஆகும். டேங்கில் சொட்டு நீலம் விட்டு ஃபிளஷ் செய்யுங்கள், தாளில் நீலம் அழுத்தமாக வந்தால் மேல் இணைப்பு, நாற்றத்தோடு அழுக்கு வந்தால் கீழ் இணைப்பு. இரண்டுக்கும் கோப்பையைக் கழற்ற வேண்டும், டைல்ஸை அல்ல. இரண்டு நட்டுதான் என்றாலும் கோப்பை இருபது முப்பது கிலோ கனம், பிளம்பரும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும்.

ஃபிளஷ் செய்யாமலே நனைந்துகொண்டிருந்தால் டேங்குக்குள் இருக்கும் குட்டி வால்வை ராத்திரி மூடி, ஃபிளஷ் செய்து டேங்கைக் காலியாக வையுங்கள். காலையில் காய்ந்திருந்தால் டேங்குக்குள் நுழைந்த பிறகு இருக்கும் இணைப்போ, டேங்கோ. அப்படியும் நனைந்தால் மறுநாள் பாத்ரூம் கேட் வால்வை மூடுங்கள். இப்போது காய்ந்தால்தான் சுவருக்குள் போகும் குழாய் என்று சந்தேகப்படலாம். இந்த இடத்தில் பிளம்பரைக் கூப்பிட்டு, நீங்கள் செய்த சோதனைகளை வரிசையாகச் சொல்லுங்கள். உடைப்பது உறுதி என்றால்கூட ஒரு டைல்ஸா ஒரு சுவரா என்பது அதைப் பொறுத்தது.

கோப்பைக்கும் சுவருக்கும் இடையே வெள்ளை சிமென்ட் பூசுவதை நிறுத்துங்கள். கோப்பை துளி அசைந்தாலும் அது வெடிக்கும். சிலிகான் போடுங்கள், அதுவும் மேலும் பக்கவாட்டிலும் மட்டும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டால்தான் உள்ளே ஒழுகுவது வெளியே தெரியும். சுற்றிலும் அடைத்துவிட்ட ஓர் அறையில் கீழ்த்தளத்துக் கூரை ஊறிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

## உட்கார்ந்தால் கோப்பை ஆடுகிறது

அன்றே அந்த டாய்லெட்டைப் பூட்டுங்கள். தள்ளிப்போடும் விஷயம் இல்லை.

கோப்பையும் சுவரும் சேரும் இடத்தில் விரல் வைத்து, வேறொருவரை லேசாக அழுத்தச் சொல்லுங்கள். கோப்பை மட்டும் அசைந்தால் பக்கத்து மூடிகளைக் கழற்றி நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், பலம் போட்டால் பீங்கான் வெடிக்கும். கோப்பைக்குப் பின்னால் நுரை ஷீட் இல்லை என்றால் எத்தனை தடவை இறுக்கினாலும் திரும்ப ஆடும். டைல்ஸும் சேர்ந்து அசைந்தாலோ, சந்துகளில் விரிசல் ஓடினாலோ ஃபிரேமே தளர்ந்திருக்கிறது. நட்டைத் தொடாதீர்கள், பிளம்பரும் கொத்தனாரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

சரியாகப் பொருத்திய நல்ல ஃபிரேம் 400 கிலோ தாங்கும்படி சோதிக்கப்பட்டது. நம் ஊரில் அது தளர்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கிக் கட்டி, செங்கல் ஜல்லியும் மண்ணும் போட்டு நிரப்பி, அந்த நிரப்பலின் மேல் ஃபிரேமின் காலை நிறுத்துகிறார்கள். ஒரு மழைக்காலம் ஈரம் இறங்கினால் நிரப்பல் அமுங்கி, காலும் இறங்கிவிடும். கால் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டு நிற்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சுவரை மூடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள், குழாயில் தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு நாள் நிறுத்தி வையுங்கள், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## நாற்றம், சத்தம்

பூட்டி வைத்த அறையில் நாற்றம் வந்தால் கோப்பையின் வளைவில் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு வாளி ஊற்றுங்கள். ஊற்றியும் மறுநாள் நாற்றம் இருந்தால் கழிவு ரப்பர், மேலே சொன்ன வழிதான். நிரம்பும்போது கீச்சென்று கத்தினால் குட்டி வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது போதும்.

ஏற்காட்டில் ஒரு வாஷர் இல்லை என்றால் சேலம் போய்வர இறங்க இருபது, ஏற இருபது கொண்டை ஊசி வளைவு. அதனால் அடி வாஷர் இரண்டு, சவ்வு இரண்டு, நிரப்பும் வால்வு ஒன்று, ஒரு ஜோடி குச்சி, டெஃப்லான் டேப், லெமன் சால்ட் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியின் உள்பக்கம் மாடல் நம்பரை மார்க்கரில் எழுதி ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறேன்.